யாரையாவது பேச விடுங்க

சாவியைக் கழற்றிய பிறகும் அந்தத் திரை அணையவில்லை.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால்தான் அணைவேன் என்று சில கார்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஸ்டீரியோ என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் கதவைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்து ஒரு காலை வெளியே ஊன்றியபடி காத்திருந்தான். ஷெட்டின் தகரக் கூரைமேல் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஈர ரப்பரும் கிரீஸும், மேசையில் ஆறிக்கொண்டிருந்த சால்டரிங் இரும்பின் புகையும் கலந்த வாடை காருக்குள் புகுந்து இருக்கைத் துணியில் ஊறியது. திரையின் நீல வெளிச்சம் அவன் முழங்காலில் விழுந்தபடியே இருந்தது. சொன்ன பேச்சு கேட்காத ரகம் போல என்று முணுமுணுத்துவிட்டு மல்டிமீட்டரை எடுக்கப் போனான்.

பெற்றோர் வைத்த பெயர் அவனுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். கேசட் காலத்திலிருந்து கார் செட்டுகளைப் பிரித்து மாட்டுவதே பிழைப்பு என்பதால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் ஸ்டீரியோதான். இப்போது கேசட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. பாட்டு, வழி, போன், பின்பக்கக் கேமரா எல்லாவற்றையும் ஒரே கண்ணாடித் திரைக்குள் அடைத்துவிட்டார்கள். கெட்டால் எல்லாம் சேர்ந்து கெடும். அதிலும் அவனுக்கு ஒரு குஷி இருந்தது. எப்பேர்ப்பட்ட செட்டாக இருந்தாலும் ஸ்டீரியோ கையில் கொடுத்தால் வழிக்கு வந்துவிடும் என்று நாலு பேர் சொல்லக் கேட்பதில் வருகிற குஷி.

இந்தக் காரின் சொந்தக்காரர் மதியம் வந்திருந்தார். நல்ல உடுப்பு, பல நாள் தூங்காத கண். அவரை ஏற்றிப்போக ஒரு டாக்ஸி பின்னாலேயே வந்து நின்றது. அதன் உள்ளே அவர் மனைவி, சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை வரப்போகிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்று ஸ்டீரியோ மரியாதைக்குக் கூப்பிட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தாள். பல் பிடுங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். பாட்டு வருகிறதா என்று அவரைக் கேட்டான், வருகிறது என்றார். வழி காட்டுகிறதா? காட்டுகிறது. அப்புறம் என்னதான் கோளாறு என்றபோது, அவர் காரைப் பார்க்காமல் ஷெட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"போன் பேசறப்பதான் தெரியும். யாருக்காவது போட்டுப் பாருங்க. யாரையாவது கொஞ்ச நேரம் பேச விடுங்க."

சாவியை அவன் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில் நனைந்தபடியே ஓடி டாக்ஸியில் ஏறிக்கொண்டார். எப்போது வந்து எடுப்பீர்கள் என்று ஸ்டீரியோ கேட்டது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மழை வலுத்ததும் முதலாளி கிளம்பிவிட்டார். வீல் அலைன்மென்ட் பார்ப்பவர்களும் போய்விட்டார்கள். நீளமான ஷெட்டின் கடைக்கோடியில் இந்தக் கார் ஒன்றுதான் நின்றது. அதற்கு மேலே தொங்கிய குழல் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஸ்டீரியோ டேஷ்போர்டின் சட்டத்தை நெம்பிக் கழற்றி, செட்டை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் தொங்கிய ஒயர்க்கொத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எர்த் நன்றாக இருந்தது. மைக் நன்றாக இருந்தது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரவேண்டிய ஒயரில் இப்போது ஒன்றும் இல்லை. இல்லாமல் இருப்பதுதான் சரி. அதாவது, அணைந்துவிடு என்ற உத்தரவு ஒழுங்காகத்தான் வருகிறது. செட்தான் கேட்க மாட்டேன் என்கிறது.

சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தான். அப்போதுதான் அது கேட்டது. மழைக்கும், குழல் விளக்கின் ரீங்காரத்துக்கும் கீழே, மிக அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். இழுத்த மூச்சு உடனே வெளியே வரவில்லை. பேச வாயெடுத்தவர் யோசித்து நிற்பதுபோல ஓர் அமைதி. பிறகு ஒரு பெண்ணின் குரல், தூக்கக் கலக்கத்தில் கேட்பதுபோல, இன்னும் எவ்வளவு நேரம் என்றது.

ஸ்டீரியோ ஷெட்டின் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. ஏதாவது டாக்ஸியின் வயர்லெஸ் இதில் வந்து கலந்திருக்கும். இந்த மாதிரி மழையில் கலக்கும். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி, முனையைத் துடைத்துவிட்டு மறுபடி சொருகினான். கை லேசாக வியர்த்திருந்தது. அவனுக்கே சிரிப்பு வந்தது.

மிச்சம் இருந்தது டெஸ்ட் கால். எந்தச் செட்டைச் சரிபார்த்தாலும் தன் போனை அதில் இணைத்து, வீட்டுக்குப் போட்டு, மகளைப் பேசச் சொல்வது அவன் வழக்கம். மைக்கைச் சோதிக்க ஓயாமல் பேசுகிற ஆள் வேண்டும். அந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் கிடையாது. விழித்ததிலிருந்து தூங்கும்வரை வாய் மூடாது. அதனால் வீட்டில் அவள் பெயரே ரேடியோ என்று ஆகிவிட்டது. தூக்கத்திலும் பேசுகிறாள், இதற்கு அணைக்கிற பொத்தானே இல்லை, எல்லாம் உங்கள் புத்திதான் என்று மனைவி சலித்துக்கொள்வாள். கண்ணில் படுவதையெல்லாம் நிறுத்தாமல் சொல்ல வேண்டும், அதுதான் ரேடியோவின் வேலை. குரல் எங்கே உடைகிறது, எங்கே மங்குகிறது என்று அப்பா கேட்டுக்கொண்டிருப்பான். நாள் முழுக்கக் கிடைக்காத மகளின் குரல் வேலை நேரத்தில் கிடைப்பதற்காகவே, டெஸ்ட் தேவைப்படாத கார்களிலும் அவன் டெஸ்ட் செய்வது உண்டு.

குறைத்திருந்த சத்தத்தை ஏற்றிவிட்டு, மழை மைக்கில் விழாமல் இருக்கக் கதவுகளை மூடிக்கொண்டு போட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா, டெஸ்டா? ஆரம்பிக்கட்டுமா?"

ஆரம்பி என்றான். போன் குரல் கதவில் இருந்த ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாளாம். அம்மா துணி மடிக்கிறாளாம். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்குகிறதாம்; ஒரு கோடு இன்னொரு கோட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டு வேகமாக ஓடுகிறதாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஜன்னல் கண்ணாடி என்று அவள் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில், ஜன்னல் கண்ணாடி என்று இன்னொரு முறை கேட்டது.

எதிரொலி. இவ்வளவுதானா கோளாறு என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்பீக்கர் சத்தத்தை மைக் பிடித்துத் திருப்பி அனுப்பினால் இப்படித்தான் சொன்னதே மறுபடி கேட்கும். மைக்கின் அளவைக் குறைத்தால் தீர்ந்துவிடும். குறைத்தான். இரண்டு குரல்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்தது. எதிரொலி மங்கத்தான் வேண்டும், நெருங்கி வரக்கூடாதே என்று தோன்றியது. அத்தோடு இன்னொன்றும் தோன்றியது. எதிரொலி கதவு ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. டேஷ்போர்டுக்குள்ளே, செட்டைக் கழற்றிய பள்ளத்துக்குள்ளேயிருந்து வந்தது. அங்கே ஸ்பீக்கர் கிடையாது.

இன்னும் குறைத்தான். இப்போது இரண்டு குரலும் ஒன்றாகப் பேசின. அம்மா என் பாவாடையை மடிக்கிறாங்க என்று கதவிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் ஒரே நேரத்தில். ஒரு இழை பிசகவில்லை. மகள் களுக்கென்று சிரித்தாள். பள்ளமும் களுக்கென்று சிரித்தது.

அப்புறம் பள்ளம் முந்திக்கொண்டது.

"பச்சைப் பாவாடை" என்றது. அதற்குப் பிறகு கதவு ஸ்பீக்கர், "பச்சைப் பாவாடை" என்றது.

மகள் பேச்சை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, இதுவும் ஒரு விளையாட்டுதானோ என்ற சந்தேகத்தோடு கேட்டாள்.

"அப்பா, நான் சொல்ல வர்றத அவ முன்னாடியே சொல்றா. யாருப்பா அவ?"

இந்தக் கேள்வியும் அவன் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது. பள்ளத்திலிருந்து. இதே சந்தேகத்தோடு, இதே குரலில். பேசாதே, போனை வை என்று கத்தினான். பள்ளம் அம்மா என்று அழைத்தது. கதவு ஸ்பீக்கரில் ஒரு சின்ன மூச்சு வந்தது. வார்த்தை வரவில்லை. அவன் சிவப்புப் பொத்தானை அழுத்தினான், இணைப்பு அறுந்தது. அறுந்த அதே கணத்தில், தலைச்சுமையை இறக்கி வைத்தவள் விடுகிற பெருமூச்சுபோல, முதலில் கேட்ட அந்தப் பெண்ணின் குரல் அப்பாடா என்றது. அதற்குப் பிறகு காருக்குள் அவள் குரல் கேட்கவில்லை.

ஸ்டீரியோ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, ஷெட்டின் வாசல்வரை ஓடி, சாரல் முகத்தில் அடிக்க நின்றுகொண்டு வீட்டுக்குப் போட்டான். மனைவி எடுத்தாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், உங்கள் ரேடியோ என்றைக்கும் இல்லாத திருநாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறது, என்ன மந்திரம் போட்டீர்கள் என்றாள். அவளைப் பேசச் சொல் என்றான். அந்தப் பக்கம் மனைவி கூப்பிடுவது கேட்டது. பிறகு ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம். மறுபடி வந்த குரலில் விளையாட்டு இல்லை.

"என்னங்க, இவ வாயத் திறக்கறா. ஆனா சத்தமே வரலைங்க. அழறா, அதுலயும் சத்தம் இல்ல."

இதோ வருகிறேன் என்றான். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றாள், கூப்பிடு என்றான். போனை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினான். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அப்போது ஷெட்டின் கோடியிலிருந்து, மழையைத் தாண்டி அந்தக் குரல் வந்தது.

"அப்பா? போயிட்டியா?"

அவன் கால் நின்றுவிட்டது. பெற்றவனுக்கு அந்தக் குரலை இன்னொருத்தி குரலாக நினைக்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஓடிப் போயிருப்பான். திரும்பி நடந்தான். திரையின் நீல வெளிச்சம் கார்க் கண்ணாடியில் படிந்திருந்தது. உள்ளே உட்கார்ந்து, கழற்றிய பள்ளத்தின் பக்கம் குனிந்து, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். இருட்டாக இருக்கிறதாம். சூடாக இருக்கிறதாம். கை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையாம். பழக்கம் விடவில்லை, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணில் பட ஒன்றும் இல்லாதபோது ஒன்றும் இல்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவனுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். ஃபியூஸைப் பிடுங்குவது. எந்தச் செட்டானாலும் அதன் உயிர் அங்கேதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து, அதைப் பாதிதான் இழுத்திருப்பான். திரை மங்கியது. "அப்பா, மூச்சு முட்டுது" என்றாள். "அப்பா, அப்பா, அப்" என்று குரல் தேய்ந்தது. உள்ளே அழுத்திவிட்டான். திரை தெளிந்தது. அவள் விக்கி விக்கி அழுவது கேட்டது. ஃபியூஸ் பெட்டியைக் கையால் பொத்திக்கொண்டு, தரையில் மண்டியிட்டபடி, அவனும் அழுதான். எத்தனையோ கார்களின் வாயை அடைத்த கை. இதை அணைக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கார்க்காரர். ஸ்டீரியோ எடுத்ததும், அவர் ஹலோ என்று சொல்வதற்கு முன்னாலேயே, பின்னணியில் ஒரு பெண் விடாமல் பேசுவது கேட்டது. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினாள். தண்ணீர் கொடுங்கள், லைட்டை எல்லாம் போடுங்கள் என்றாள். அந்தக் குரல் ஸ்டீரியோவுக்குத் தெரியும். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்ட குரல்.

"மன்னிச்சிடுங்க" என்றார் கார்க்காரர். "மெக்கானிக்னா எப்படியும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாப்பீங்கன்னு தெரியும். எனக்கு வேற வழி இல்லங்க. காரை நீங்களே வச்சுக்கோங்க."

அது என் குழந்தை என்று ஸ்டீரியோ சொன்னான். அவர் மனைவியின் பேச்சு பாதியில் அறுந்தது; போனை வைத்துவிட்டார். திரும்பப் போட்டான். போன் அணைந்திருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது.

அப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது. அங்கே ஒருவருக்குத்தான் இடம். ஒருவர் வெளியே வர வேண்டுமானால் இன்னொருவர் பேச வேண்டும். எதிர்முனையில் இருப்பவர். உள்ளே உட்கார்ந்து கேட்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. அவன் கேட்டுக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். போனில் இருந்த பெயர்களை அவன் விரல் தன்போக்கில் தள்ளிக்கொண்டே போனது. முதலாளி. அக்கா. கூடப் படித்தவன். பால்காரர். ஒவ்வொரு பெயரிலும் ஒரு குரல் இருந்தது. சே, என்ன மனுஷன் நான் என்று போனை இருக்கையில் எறிந்தான். எறிந்த பிறகும் விரல் அந்த அசைவை மறக்கவில்லை.

முதலில் மனைவிக்குச் சொல்ல வேண்டும். போன் பண்ணாதே, எதையும் பேசாதே என்று செய்தி அனுப்ப வேண்டும். போனை மறுபடி எடுத்தான். ஈர விரல் எழுத்தில் படவில்லை. சட்டையில் துடைத்தான். போன் ப என்பதுவரைதான் வந்தது.

திரை ஒலித்தது.

ப்ளூடூத் அணைந்துதான் இருந்தது. ஆனாலும் திரையில் வீடு என்று எழுத்து. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். யாரும் தொடவில்லை. பச்சை அமுங்கியது.

"என்னங்க, டாக்டர் வந்துட்டிருக்காரு, நீங்க எங்க" என்று மனைவி ஆரம்பித்தாள்.

"அம்மா!" என்றது பள்ளம்.

கதவு ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. தன் பக்கத்தில் வாய் திறந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் மகளை அவள் பார்த்திருப்பாள். கையிலிருந்த போனையும் பார்த்திருப்பாள்.

"பேசாதே" என்று அவன் கத்தினான். "ஒரு வார்த்தை பேசாதே, போனை வை, கீழ போடு."

குழந்தை கூப்பிட்ட பிறகு எந்தத் தாய் அதைக் கேட்பாள்?

"கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன். பயப்படாத. அம்மா இருக்கேன்டா செல்லம்."

கொஞ்சம் கழித்துப் பள்ளம் சொன்னது. அம்மா இருக்கேன்டா செல்லம். மனைவியின் குரலில்.

அவன் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. தொட ஒரு நகத்தளவுதான் பாக்கி. அப்போது பள்ளத்துக்குள் மகளின் அழுகை எட்டப் போய்க்கொண்டிருந்தது. எட்ட. இன்னும் எட்ட. வெளியே போகிறாள். வீட்டுக்குப் போகிறாள்.

விரல் நின்றது.

ஒரு கணம்தான். ஒரே ஒரு கணம்.

இடைவெளி குறைந்தது. இரண்டு குரலும் ஒன்றாயின. அழாத. அம்மா வந்துடறேன். நீ எங்க இருக்க? பிறகு பள்ளம் முந்தியது. கதவு ஸ்பீக்கர் பின்தங்கியது. பிறகு கதவு ஸ்பீக்கரில் ஒரு மூச்சு. வார்த்தை இல்லை.

மழைகூட ஓய்ந்தது போலிருந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி, டேஷ்போர்டுக்குள்ளிருந்து, மெதுவாக. "இங்க ஒரே இருட்டா இருக்கு. நீங்க கேட்டுட்டுத்தான இருந்தீங்க?"



கதவு ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். தொண்டையைச் செருமினார்கள்.

"அப்பா! என் குரல் வந்துடுச்சு! கேக்குதா? நான்தான் பேசறேன். அம்மா தரையில உக்காந்திருக்காங்க. வாயத் திறந்து திறந்து மூடறாங்க. அம்மா கை என் காலப் புடிச்சிருக்கு..."

கண்ணில் படுவதையெல்லாம் சொன்னாள். நிறுத்தாமல். அப்பா சொல்லிக்கொடுத்தபடி.

சிவப்புப் பொத்தானை அழுத்தினான். குத்தினான். இணைப்பு அறுபடவில்லை. ஒயர்க்கொத்தைக் கையில் பிடித்தான். இழுத்தால் போதும். உள்ளே மனைவி மூச்சு விடுவது விரலில் தெரிந்தது. விட்டுவிட்டான். மறுபடி பிடித்தான்.

"பேசாதம்மா" என்றான். கெஞ்சினான். "என் தங்கம், வாய மூடு. அப்பா சொன்னாக் கேளு. பேசாத."

"ஏம்பா பேசக்கூடாது?"

அந்தக் கேள்வி, மகளின் குரலில், முதலில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து வந்தது. வீட்டிலிருந்து அதற்குப் பிறகுதான் வந்தது.